மிச்சம் வைத்த இரண்டு

கொரட்டூர் ஏரிப் பக்கம் இருக்கிற பழைய குடியிருப்பில், இரண்டாவது மாடியில் இருந்த தாட்சாயிணியை அக்கம்பக்கத்தில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முதல் இருபது வருடம் அவள் "பாடி பில்டர் பொண்டாட்டி". அடுத்த நாலு வருடம் "டம்பெல் தூக்குற அம்மா". இரண்டு பட்டத்தையும் அவளுக்கு வாங்கிக் கொடுத்தவன் புருஷன் கஜபதிதான்.

கஜபதிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அது சம்பளத்துக்கு. உயிர் இருந்தது என்னவோ ரயில்வே கேட் தாண்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஜிம்மில். விடிகாலையில் போவான், சாயங்காலம் மறுபடி போவான். ஆவடியில் நடந்த ஒரு ஆணழகன் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கினான். உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு பல்லைக் காட்டி நிற்கும் அந்தப் போட்டோ, சாமி படங்களுக்கு மேலே தொங்கியது. தினம் பன்னிரண்டு முட்டை. வெள்ளைக்கரு அவனுக்கு, மஞ்சள்கரு வீட்டுக்கு. மகள் விஜிக்குப் பள்ளிக்கூடம் சேரும் வரைக்கும் முட்டையில் வெள்ளையாக ஒரு பாகம் உண்டு என்பதே தெரியாது.

இவ்வளவு பலத்தை வைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் குடம் தண்ணீரை அவன் மாடிக்குத் தூக்கி வந்தது கிடையாது. லாரியில் தண்ணீர் வந்த கோடைக்காலங்களில் தாட்சாயிணிதான் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பத்து நடை ஏறி இறங்குவாள்.

"ஒரே ஒரு கொடம் தூக்கினு வாயேன்யா" என்று கேட்டால் கஜபதி தன் தோளை ஆசையாகத் தடவிக்கொள்வான்.

"காலைலதான் ஜிம்ல தோள் போட்டேன். இன்னிக்கு தோளுக்கு ரெஸ்ட்டு. மீறித் தூக்கினா தசை கிழிஞ்சிடும். உனுக்கு இன்னா தெரியும்?"

உழைத்த தசைக்கு ஓய்வு தேவை என்கிற விஷயம் அந்த வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பொருந்தியது. தாட்சாயிணிக்குத் தசை இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

நாற்பத்தொன்பதாவது வயதில் பட்டறையில் நின்றுகொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். ரத்தக் கொதிப்பு பல வருடமாக இருந்திருக்கிறது. "இந்த ஒடம்புக்கு டாக்டரா?" என்று மார்பைத் தட்டிக்கொண்டு திரிந்தவனுக்கு இடது பக்கம் மொத்தமாக விழுந்துவிட்டது. வாய் மட்டும் தப்பியது. அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று தாட்சாயிணி பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று கஜபதியின் தம்பி தங்கவேலும் இன்னொரு ஆளுமாக அவனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கினார்கள். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற இடம் ரொம்பக் குறுகல். அங்கே வந்தபோது தங்கவேலின் போன் அடித்தது. பதில் சொல்ல ஒரு கையை எடுத்தான். நாற்காலி சாய்ந்து கஜபதி நாலு படி உருண்டு போய் விழுந்தான். நெற்றியில் ஆறு தையல்.

"எம்பத்திரண்டு கிலோ அண்ணி. நான் இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு, அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு தங்கவேல் கிளம்பிப் போனான்.

அன்றைக்குப் பிடித்த பயம் கஜபதியை விடவே இல்லை. யார் தொட்டாலும் நல்லா இருக்கிற வலது கையால் அவர்கள் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். "போட்ராத, போட்ராத" என்று குழந்தை மாதிரி கத்துவான். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கக்கூஸ், மறுபடி கட்டில் என்று ஒரு நாளைக்கு எட்டுத் தடவை தூக்க வேண்டும். எட்டுத் தடவையும் இதே கூப்பாடு.

தாட்சாயிணியின் எடை ஐம்பத்திரண்டு கிலோ. மூன்றாவது வாரமே அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு முழுப் பகல் அவள் தரையில் அசையாமல் கிடந்தாள், அவன் ஈரப் படுக்கையில் கிடந்து அவளைத் திட்டிக்கொண்டிருந்தான். வானகரத்தில் கட்டிக் கொடுத்திருந்த விஜி போனில் அழுதாள். மாமியார் வீட்டில் விசேஷம், வர முடியாது என்றாள்.

வீட்டுக்கு வந்து கஜபதியின் கையையும் காலையும் மடக்கி நீட்டிவிட ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்துகொண்டிருந்தாள். பூந்தமல்லிக்காரி, பெயர் சபீனா, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அடுத்த நாள் வந்தவள் அவனை விட்டுவிட்டு இவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இவருக்கு நான் செய்றது அப்புறம். மொதல்ல உங்களுக்குத்தான் பயிற்சி வேணும். நீங்க விழுந்தா இந்த வீட்ல ரெண்டு பேரும் காலி."

"நாள் பூரா வேலைதானே செய்யறேன். இதுக்கு மேல இன்னா பயிற்சி?"

"வேலை உங்களைத் தேய்க்குது அக்கா. பயிற்சி வேற."

இடுப்பு சரியானதும் சபீனா ஆரம்பித்து வைத்தாள். ஒரு நாள் காலுக்கு: முக்காலியில் உட்கார்ந்து எழுவது, பிறகு அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது. மறுநாள் கைக்கும் முதுகுக்கும்: டம்பெல்லை இடுப்பு வரை இழுப்பது. தினம் உண்டு, ஆனால் இருபது நிமிஷம்தான். நேற்று உழைத்த இடத்தை இன்றைக்குத் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கட்டளை போட்டாள்.

"இன்னும் ரெண்டு தடவை தூக்கலாம்னு தோணும்போதே கீழ வெச்சிடணும். கை நடுங்கற வரைக்கும் போகவே கூடாது. அந்த ரெண்டு உங்களுக்கு இல்ல, அவருக்கு. திடீர்னு அவர் சரிஞ்சார்னா பிடிக்கிறதுக்குக் கையில மிச்சம் இருக்கணும்."

கட்டிலுக்கு அடியில் கஜபதியின் டம்பெல்கள் துருப்பிடித்துக் கிடந்தன. தாட்சாயிணி முதல் தடவை அவற்றை வெளியே இழுத்தபோது அவன் போட்ட சத்தம் கீழ் வீடு வரைக்கும் கேட்டது.

"தொடாதடி அத! இன்னா, ஆணழகியா ஆவப் போறியா?"

"உன்ன தூக்கத்தான்யா. வேணாம்னா சொல்லு, தங்கவேல வரச் சொல்றேன்."

கஜபதி வாயை மூடிக்கொண்டான். அந்தப் பெயருக்கு அவ்வளவு மகிமை இருந்தது.

அவன் எடை தூக்கும்போது கட்டுகிற அகலமான தோல் பெல்ட் பரணில் இருந்தது. அதைத் தட்டிச் சுத்தம் பண்ணி அவன் இடுப்பில் கட்டினாள். அந்த பெல்ட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, தன் முட்டியால் அவன் முட்டிக்கு முட்டுக் கொடுத்து, ஒரே மூச்சில் எழுப்பித் திருப்பி உட்காரவைக்க சபீனா சொல்லிக் கொடுத்தாள். முதல் மாதம் திணறினாள். ஆறாவது மாதம் அவன் "போட்ராத" என்று சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியில் இருந்தான். முட்டையைக் கூட அவள் முழுசாகச் சாப்பிட ஆரம்பித்தாள், வெள்ளையும் மஞ்சளுமாக, அவன் கண் முன்னாலேயே.

குடியிருப்பு சும்மா இருக்குமா? "புருஷன் படுத்துகினு கீறான், இவ சோக்கா டம்பெல் தூக்கினு கீறா" என்று எதிர்வீட்டு வேம்புலியம்மாள் ஊர் முழுக்கச் சொன்னாள். தாட்சாயிணிக்குக் காதில் விழும். அவள் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணுவாள். எட்டு, ஒன்பது, பத்து. இன்னும் இரண்டு வரும் என்று தெரியும்போது கீழே வைத்துவிடுவாள்.

ஒரே ஒரு தடவை அந்தக் கட்டளையை மீறினாள். இரண்டாவது வருடம், ஒரு பொங்கலுக்கு மறுநாள். தங்கவேல் கரும்போடு வந்திருந்தான். அண்ணனை ஒரு தரம் தூக்கி உட்காரவைக்க அவன் கை நீளவில்லை. போகும்போது வாசலில் நின்று அறிவுரை சொன்னான். "பொம்பளைங்க இப்டி வெயிட்டு தூக்கினா கர்ப்பப்பை எறங்கிடும் அண்ணி. எதுக்கு வம்பு? ஒரு ஆளப் போடு." கதவைச் சாத்தியவள் வயிற்றெரிச்சல் தாங்காமல் அரிசிப் பையை எடுத்தாள். எண்ணவே இல்லை. தொடை தீயாய் எரியும் வரைக்கும் உட்கார்ந்து எழுந்தாள், அதற்கு மேலும் எழுந்தாள். ஒவ்வொரு தடவையும் தங்கவேலின் மூஞ்சி தெரிந்தது.

மறுநாள் காலையில் கஜபதியை எழுப்பித் திருப்புகிற நேரத்தில் அவள் முட்டி மடங்கிவிட்டது. விட்டுவிடவில்லை. பெல்ட்டை விடாமல் பிடித்து, அவனைத் தன் மடிமேல் வாங்கிக்கொண்டே மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். அவனுக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் எழுந்திருக்க அவளிடம் பலம் இல்லை. இரண்டு பேரும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே இருந்தார்கள்.

கஜபதி திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் திட்டவில்லை. அவள் தொடையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நேத்து ஓவரா போட்ட" என்றான். "நானும் பாத்துகினுதான் இருந்தேன். சொல்லியிருக்கணும். சொல்லல."

"ஏன் சொல்லல?"

"நீ நல்லா போட்ட. அதான்."

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவன் அவளைப் பாராட்டியது அதுதான். அதற்கும் இரண்டு பேரும் தரையில் விழ வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவன் வலது கையை நீட்டினான்.

"தாட்சா, ஒண்ணு சொல்றேன். நான் செத்தா என்ன தங்கவேலு கைல குடுக்காத. ஏத்தும்போது போட்டான். எறக்கும்போதும் போடுவான். நீயே எறக்கிடு."

"பொம்பள பொணத்த தூக்கறதா? ஊரே சிரிக்கும்யா."

"சிரிக்கட்டும். செத்தவனுக்கு இன்னா தெரியப் போவுதுன்னு சொல்லாத. எனக்கு இப்பவே பயமாக் கீது. நீ எறக்கறன்னு சொல்லு."

அவள் அவன் உள்ளங்கையில் கையை வைத்து, சரி என்றாள். மத்தியானம் வரைக்கும் அப்படியே இருந்து, கால் தேறியதும் அவனைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள்.

கொடுத்த வாக்குக்காக அவள் படிக்கட்டையும் பழகினாள். மாதாமாதம் செக்கப்புக்கு அவனை இரும்பு நாற்காலியில் இறக்க வேண்டும். கீழே இஸ்திரி போடும் செல்வகுமார் மேல் பக்கம் பிடித்துக்கொள்வான். கீழ்ப் பக்கம் பிடிப்பவருக்குத்தான் பாரம் அதிகம். அது தாட்சாயிணியின் இடம். பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்குவாள். திருப்பம் வந்ததும் முதுகைச் சுவரில் சாய்த்து ஒரு மூச்சு நின்று, உள்பக்கக் காலை முதலில் வைத்து நாற்காலியைத் திருப்புவாள். இரண்டரை வருடத்தில் நாற்காலியின் கால்கூட அந்தச் சுவரில் உரசவில்லை. கடைசிக் கடைசியாக அந்தத் திருப்பத்தில் கஜபதி கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தான். "போட்ராத" என்று சொல்வதையும் நிறுத்திவிட்டான். அவளுக்குக் கிடைத்த பரிசு அதுதான், அது மூன்றாம் பரிசு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு கஜபதி நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனான். அவள் இட்லி எடுத்து வரத் திரும்பியிருந்தாள். வந்து பார்த்தபோது தலை தொங்கியிருந்தது. தனியாகவே அவனைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினாள். பிறகுதான் அழுதாள்.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. இந்த நாலு வருடத்தில் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். ஐஸ் பெட்டி மாடிக்கு ஏறாது என்று கீழேயே வைத்துவிட்டார்கள். உடம்பைக் கீழே இறக்க வேண்டும். தங்கவேல் மூன்று ஆட்களோடு வந்தான். கட்டிலில் கிடந்தவனை ஒரு போர்வையோடு சேர்த்துத் தூக்கத் தயாரானார்கள்.

தாட்சாயிணி எழுந்தாள்.

"தங்கவேலு, நான் ஒரு பக்கம் புடிக்கறேன். அந்தத் திருப்பம் எனக்குத்தான் தெரியும்."

"இன்னா அண்ணி பேசற? எங்கூட்டு பொணத்த பொம்பள தூக்கினு போனான்னு பேரு வரவா? நாலு ஆம்பளைங்க கீறோம்."

"அவரு கேட்டாரு. நான் கை அடிச்சு குடுத்துகீறேன்."

"செத்தவன் ஆயிரம் கேப்பான்."

"அந்த பெல்ட்டையாவது அவருக்கு கட்டு. பிடி வழுக்காது."

"பொணத்துக்கு பெல்ட்டா!" என்று யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

வாசலில் நின்ற செல்வகுமார், "அக்கா பிடிக்கட்டும்ணே, அவங்கதான் எப்பவும் எறக்குவாங்க" என்றான். தங்கவேல் அவனைப் பார்த்த பார்வையில் அவன் படிக்கட்டு வரைக்கும் பின்வாங்கினான்.

நாலு பேரும் தூக்கினார்கள். தங்கவேல் தலைமாட்டில். தாட்சாயிணி அவர்களைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தாள். வேம்புலியம்மாள் ஓடி வந்து அவள் வலது கையைப் பிடித்தாள். இடது கையை மகள் விஜி பிடித்தாள்.

"அம்மா, வேணாம்மா" என்று விஜி காதோடு சொன்னாள். "எங்க ஊட்டுக்காரங்க எல்லாம் நின்னு பாத்துகினு கீறாங்க. அப்புறம் என்னத்தான் சொல்லிக் காட்டுவாங்க. ஒக்காரும்மா."

அந்த இரண்டு பிடியும் எவ்வளவு பலம் என்று தாட்சாயிணிக்குத் தெரியும். தினம் எட்டுத் தடவை ஒரு ஆம்பளையைத் தூக்கிய கை அவளுடையது. வேம்புலியம்மாளின் பிடி ஒரு பொருட்டே இல்லை. விஜியுடையது அதைவிடக் குறைவு. தோளை ஒரு உலுக்கு உலுக்கினால் இரண்டு பேரும் சுவரோடு போயிருப்பார்கள். ஆறே எட்டில் படிக்கட்டில் இருந்திருப்பாள். வாசலில் விஜியின் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள், கண் மட்டும் இவள் மேலேயே இருந்தது.

தாட்சாயிணி உலுக்கவில்லை. நின்றாள்.

கதவு வழியாகப் படிக்கட்டு தெரிந்தது. எட்டுப் படி இறங்கும் வரைக்கும் ஒன்றும் இல்லை. திருப்பத்தில் முன்னால் இருந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். தங்கவேல் கால் வைக்க இடம் இல்லாமல் தடுமாறினான். "பாத்து, பாத்து, கீழ எறக்காத" என்றது ஒரு குரல். போர்வையின் ஓரம் அவன் கையிலிருந்து நழுவியது. படியின் விளிம்பில் தலை மோதிய சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. தேங்காயைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம்.

மற்ற மூன்று பேரும் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, தூக்கு" என்றான் தங்கவேல். "வெயிட்டு அப்படி."

கஜபதியின் எடை அப்போது அறுபத்தோரு கிலோ.

தாட்சாயிணி கத்தினாள். பெண்கள் எல்லாம் புருஷன் போன துக்கம் இப்போதுதான் வெளியே வருகிறது என்று அவளைக் கட்டிக்கொண்டார்கள். "அழுதுடு, அழுதுடு" என்று வேம்புலியம்மாள் முதுகைத் தடவினாள். குளிப்பாட்டும்போது தாட்சாயிணி பார்த்தாள். பழைய ஆறு தையலுக்குப் பக்கத்திலேயே புதுசாக ஒரு கீறல், ரத்தம் இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. யாரோ அதன்மேல் விபூதியைப் பட்டையாக அப்பினார்கள். பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் போன பிறகு, விடிந்ததும் அவள் கை தானாக பெல்ட்டைத் தேடியது. கட்டில் காலியாக இருந்தது. டம்பெல்லை வெளியே இழுத்தாள். எட்டு, ஒன்பது, பத்து. வைக்கவில்லை. பதினைந்து, இருபது. மாற்றிக்கொண்டு அரிசிப் பையை எடுத்தாள். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். கால், கை, முதுகு என்று பிரிக்கவில்லை, ஓய்வு விடவில்லை. சோற்றைப் பிசையக்கூட முடியாமல் விரல் நடுங்கியது.

துக்கம் கேட்க சபீனா வந்தாள். கதவைத் திறந்த கையைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. தரையில் டம்பெல்கள் கிடந்தன. தாட்சாயிணி டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தாள். பாதி வழியிலேயே சிந்திவிட்டது.

சபீனா டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா இது? இப்படிப் பண்ணலாமா? ரெண்டு மிச்சம் வெக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"வெச்சேனேம்மா" என்றாள் தாட்சாயிணி. "அவர எறக்கின அன்னிக்கு வெச்சேன். ரெண்டும் அப்படியே என் கைலதான் இருந்துச்சு."